சகடை வந்த நாள்: அகராதியில் ஏறாத எங்கள் போர்க்காலச் சொற்கள்

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கையின் மகன், உடுப்பிட்டியில் எங்கள் பழைய வீட்டு அலுமாரிக்குள் தன் அம்மப்பாவின் நாட்குறிப்பு ஒன்றைக் கண்டெடுத்தான். 1990 ஆம் ஆண்டுக்குரியது. அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். பொருள் விளங்காத இடங்களைக் கைத்தொலைபேசியில் மொழிபெயர்த்துப் பார்ப்பான். ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

“மாமா, இதில அம்மப்பா என்ன எழுதியிருக்கிறார்?”

அப்பா எழுதியிருந்தது இவ்வளவுதான்: “காலை கோள்மூட்டி சுற்றிப் போனது. பத்து மணிக்குச் சகடை வந்தது. எல்லோரும் பங்கருக்குள். சின்னவன் ஜாம் போத்தலை உடைத்துவிட்டான்.”

தொலைபேசி அவனுக்குக் காட்டிய பொருள் வேறு. யாரோ கோள் சொல்பவர் ஒருவர் வீட்டைச் சுற்றிப் போயிருக்கிறார், பிறகு ஒரு வண்டி வந்திருக்கிறது, கடைசியில் ஒரு பிள்ளை ஜாமைக் கொட்டிவிட்டது. ஏதோ உறவினர் வந்துபோன நாள் என்று நினைத்திருக்கிறான். உடைந்தது அந்த வீட்டின் ஒரேயொரு விளக்கு என்றும், உடைத்த சின்னவன் நான்தான் என்றும் சொன்னபோது அவன் முகம் மாறிப் போயிற்று.

அன்று மாலை சகடை என்றால் எது என்று அவன் வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்டான். அக்கா அவ்ரோ விமானம் என்றார். பெரியம்மாவின் மகன், இல்லை, சீனத்து வை-12 என்றார். பக்கத்து வீட்டு ஆச்சி, “விமானம் எதுவெண்டு ஆர் மோனை பாத்தது? பீப்பா உருட்டினது எல்லாம் சகடைதான்” என்றார். மூவரும் ஒரே கிராமத்தில், ஒரே காலத்தில், ஒரே வானத்தின் கீழ் பங்கருக்குள் குந்தியிருந்தவர்கள்.

அந்த மாலையில்தான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியது. போர் எங்கள் வாயில் நூற்றுக்கணக்கான சொற்களைப் பிறப்பித்தது. சில புதிதாகக் கட்டியவை, சில பழைய சொல்லுக்குப் புதுப் பொருள் ஏற்றியவை, சில வேற்று மொழியிலிருந்து வந்து உருமாறியவை. ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு பொருளும் இருந்தது. சொன்னவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

உடுப்பிட்டியில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்கு ஒரு பொருத்தமும் உண்டு. குடாநாடு அகராதிகளின் மண். யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் அறியப்படும் நூல் 1842 இல் அமெரிக்க மிஷன் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. வின்சிலோவின் பேரகராதி 1862 இல் வந்தது. நீதிபதியாக இருந்த கு. கதிரவேற்பிள்ளை தொகுத்த தமிழ்ச் சொல்லகராதியை அவர் இறந்த பிறகு மதுரைத் தமிழ்ச் சங்கம் 1910 முதல் பாகம் பாகமாக வெளியிட்டது. அவர் உடுப்பிட்டிக்காரர். அந்த மரபில் வந்த ஊரின் போர்க்காலச் சொற்கள் எந்த அகராதியிலும் ஏறாமல் நாட்குறிப்புகளுக்குள் கிடக்கின்றன. எனக்குத் தெரிந்த சிலவற்றை, அவற்றுக்கு வெவ்வேறு பேர் கொடுத்த வெவ்வேறு பொருளோடு, இங்கே தருகிறேன்.

வானத்தில் இருந்து வந்தவை

பொம்மர்: குண்டுவீச்சு விமானத்துக்கு எங்கள் பொதுப்பெயர். ஆங்கிலச் சொல்தான், ஆனால் எங்கள் வாயில் “பொம்மர் சுத்துது”, “பொம்மர் பதியுது” என்று முழுத் தமிழாகிவிட்டது. “பதிதல்” என்றால் குண்டு போடுவதற்காக விமானம் தாழ்ந்து வருவது. இந்த ஒரு வினைச்சொல்லைக் கேட்டதும் சோற்றுக் கோப்பையை விட்டெறிந்து ஓடிய தலைமுறை நாங்கள்.

சியாமாசெட்டி: 1980களின் நடுப்பகுதியில் இலங்கை விமானப்படை வாங்கிய, இத்தாலியில் செய்யப்பட்ட சியாய் மார்செட்டி என்ற சிறு விமானம். இத்தாலிக் கொம்பனியின் பெயர் எங்கள் ஊரில் ஒரு செட்டியாராக மாறியது. வயதானவர்கள் வெறும் “செட்டி” என்றும் சொன்னார்கள். “செட்டி வாறான்” என்றால் கடன் கேட்க வரும் ஆள் இல்லை என்பதை வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும்.

சகடை: பழந்தமிழில் சகடம், சகடை என்றால் சில்லு வைத்த வண்டி. கோயில் வாகனத்தை ஏற்றி இழுக்கும் வண்டியையும் சகடை என்போம். மெதுவாக, கனத்த சத்தத்தோடு, ஆடி ஆடி வரும் விமானத்துக்கு அந்தப் பெயரை யார் முதலில் வைத்தார்களோ, மிகப் பொருத்தமாக வைத்தார்கள். அவ்ரோவும் வை-12 உம் சண்டை விமானங்கள் அல்ல. ஆட்களையும் சாமான்களையும் ஏற்றுவதற்கென்று செய்யப்பட்டவை. இரண்டாம் கட்டப் போர் 1990 ஜூனில் தொடங்கிய பின் அவற்றிலிருந்து குண்டுகளை உருட்டித் தள்ளினார்கள். ஆகவே அக்காவும் சரி, அண்ணரும் சரி. யார் எந்த ஊரில் இருந்து எதைப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஆச்சி சொன்னதும் ஒரு வகையில் சரிதான். அவருக்கு அது ஒரு விமானத்தின் பெயராக இருக்கவில்லை, ஒரு வேலையின் பெயராக இருந்தது. 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய இரு நாட்களில் இரண்டு அவ்ரோ விமானங்கள் ஏவுகணைகளால் வீழ்த்தப்பட்ட பின்னர், எங்கள் வானத்தில் சகடையின் காலம் பெரும்பாலும் முடிந்தது.

பீப்பா: பீப்பாய்க்குள் வெடிமருந்து நிரப்பிய குண்டு. குறி பார்த்துப் போடும் குண்டு இல்லை, விழுகிற இடமே குறி. மலம் நிரப்பிய பீப்பாக்களும் போடப்பட்டதை ஊரின் மூத்தவர்கள் இன்றும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வார்கள். 2012 க்குப் பிறகு சிரியாவில் பீப்பாய்க் குண்டு என்று உலகச் செய்திகள் சொன்னபோது, உலகத்துக்கு அது புதுச்சொல். எங்கள் ஆச்சிமாருக்கு அது பழைய சொல்.

கோள்மூட்டி: ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குக் கொண்டுபோய்ச் சொல்லிச் சண்டை மூட்டுபவர். ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒருவர் இருப்பார். அந்தப் பெயர் வேவு விமானத்துக்கு வந்தது. அது தானாக எதையும் போடாது. உயரத்தில் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அதன் பின்னால் மற்றது வரும். பயத்துக்குள்ளும் எங்கள் சனத்துக்கு இருந்த பகிடிக் குணம் இந்தச் சொல்லில் தெரியும்.

வண்டு: ஆளில்லா வேவு விமானம். இது வன்னியில் பெரிதாகப் புழங்கிய சொல். 2006 முதல் 2009 வரை அங்கிருந்தவர்களுக்கு இரவும் பகலும் தலைக்கு மேல் ரீங்கரித்துக்கொண்டிருந்த ஒலி. வண்டு நின்று சுற்றினால் அடுத்துக் கிபிரோ ஷெல்லோ வரும் என்பது கணக்கு. காசாவில் வாழும் மக்கள் இதே விமானத்தை ஸனானா என்கிறார்கள். அரபில் அதுவும் ரீங்காரத்தைத்தான் குறிக்கும். 1944 இல் ஜேர்மனியர் ஏவிய பறக்கும் குண்டுகளை இலண்டன் மக்கள் டூடுல்பக் என்றார்கள். அதிலும் ஒரு பூச்சி இருக்கிறது. கண்டம் வேறு, மொழி வேறு, ஆனால் தலைக்கு மேல் சத்தம் கேட்டவன் பூச்சியின் பெயரைத்தான் தேடியிருக்கிறான்.

அண்மையில் எங்கள் ஊர்க் கல்யாண வீடு ஒன்றில் படம் பிடிக்கச் சிறிய டிரோன் ஒன்றை மேலே விட்டார்கள். இளசுகள் கை காட்டிச் சிரித்தார்கள். முல்லைத்தீவிலிருந்து வந்திருந்த ஒரு தாய் மட்டும், பந்தலுக்குள் ஓடிப்போய்த் தன் வளர்ந்த மகனையும் இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். “வண்டு” என்று மட்டும் சொன்னார். பக்கத்தில் நின்ற உடுப்பிட்டிப் பிள்ளைக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. பூந்தோரணத்தில் வண்டைத் தேடியது.

நிலத்தில் இருந்து வந்தவை

குத்து: முன்பு அரிசி குத்துவது, மா இடிப்பது. பின்னர் முகாமிலிருந்து மோட்டார் எறிகணை கிளம்பும் ஒலி. “குத்திற சத்தம் கேக்குது” என்றால் கிளம்பிவிட்டது, இன்னும் விழவில்லை என்று பொருள். மோட்டார் எறிகணை வளைந்து உயர்ந்து வருவதால் கிளம்பிய ஒலி முதலில் எங்களிடம் வந்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவோம். தொண்டைமானாற்றுப் பக்கமா, பலாலிப் பக்கமா, எத்தனை எண்ணுக்குள் விழும் என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கணக்குப் பாடத்தில் பின்தங்கியவர்களும் இதில் பிழைவிடுவதில்லை.

ஜாம் போத்தல்: 1990 நடுப்பகுதியில் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எனப் பலவும் தடைப்பட்டன அல்லது எட்டாத விலைக்குப் போயின. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சிறு திரி போட்டுக் கொளுத்தினால் இரவு முழுக்கக் கடுகளவு சுடர் நிற்கும். அந்தச் சுடரில் சாதாரண தரமும் உயர்தரமும் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் இன்று வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருக்கிறார்கள். ஆகவே “அவன் ஜாம் போத்தலிலை படிச்சவன்” என்பது எங்கள் ஊரில் ஒரு பட்டம். “போத்தலை உடைச்சிட்டான்” என்பது அன்றைக்கு ஒரு குற்றம். எனக்கு அன்று விழுந்த அடி இன்னும் நினைவிருக்கிறது.

பங்கர்: வீட்டு முற்றத்தில் வெட்டிய பதுங்குகுழி. எல் வடிவில் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண் மூட்டை போடுவது வழக்கம். எனக்குப் பங்கர் என்றால் ஈர மண் மணம், அம்மாவின் மடி, முணுமுணுத்த தேவாரம். ஆனால் பல வருடங்களுக்குப் பின் ஒருவரைச் சந்தித்தேன். அவர் ஓர் இயக்கத்தின் நிலத்தடிச் சிறையில் மாதக்கணக்கில் இருந்தவர். அந்தச் சிறையையும் பங்கர் என்றுதான் சொன்னார்கள். “நான் பங்கருக்குள்ள இருந்தனான்” என்று அவர் சொன்னபோது, நானும் இருந்தனான் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அவர் அதற்குப் பிறகு பேசவில்லை. ஒரே சொல் ஒருவனைக் காப்பாற்றிய குழியாகவும் இன்னொருவனைப் புதைத்த குழியாகவும் இருக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆட்களுக்கு வைத்த பெயர்கள்

பெடியள்: பொடியன்கள் என்பதன் பேச்சு வடிவம். 1980களின் தொடக்கத்தில் ஆயுதம் தூக்கிய எல்லா இயக்கத்து இளைஞர்களும் பெடியள்தான். எங்கள் பிள்ளைகள் என்ற உரிமை அந்தச் சொல்லில் இருந்தது. 1986 க்குப் பிறகு, இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்த பின்னர், பெடியள் என்றால் விடுதலைப் புலிகள் மட்டுமே என்றாகியது. மற்ற இயக்கங்களில் இருந்தவர்கள் “மற்றவை” ஆனார்கள். அந்த வீட்டுத் தாய்மாருக்குத் தங்கள் பிள்ளையும் ஒரு காலத்தில் பெடியளில் ஒருவன்தான் என்பது மறக்கவில்லை. ஊர் மறந்துவிட்டது.

அவை, அவங்கள்: இது புதுச்சொல் இல்லை. ஆனால் போர்க்காலத்தின் மிகக் கெட்டித்தனமான மறைசொல் இதுதான். யாழ்ப்பாணத் தமிழில் “அவை” மரியாதை கலந்த பன்மை, “அவங்கள்” மரியாதை இல்லாத பன்மை. “அவை வந்திட்டுப் போயினம்” என்றால் ஒரு பொருள், “அவங்கள் சந்தியில நிக்கிறாங்கள்” என்றால் இன்னொரு பொருள். பெயர் சொல்லாமல், சுட்டிக் காட்டாமல், சுவருக்கும் காது இருந்த காலத்தில் முழுச் செய்தியையும் ஒரு விகுதியில் சொல்லி முடித்தோம். ஒருவர் எந்தப் பக்கத்தை “அவை” என்கிறார், எந்தப் பக்கத்தை “அவங்கள்” என்கிறார் என்பதைக் கேட்டே அவரோடு எவ்வளவு பேசலாம் என்று முடிவெடுத்தோம்.

பிள்ளை பிடி: சோறு தின்ன மறுக்கும் குழந்தைக்கு “பிள்ளை பிடிகாரன் வாறான்” என்று பயம் காட்டுவது தமிழர் எல்லோருக்கும் பொது. 1989 இல் அந்தப் பூச்சாண்டி உண்மையாக வந்தான். இந்தியப் படை வெளியேறவிருந்த காலத்தில், அதனோடு நின்ற இயக்கங்கள் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் இளைஞர்களைச் சந்தியிலும் பேருந்திலும் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். வடமராட்சியில் பெடியன்கள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அதே சொல், போரின் கடைசி வருடங்களில் வன்னியில் மறுபடி எழுந்தது. இம்முறை பிடித்தவர்கள் புலிகள். 1989 ஐ மட்டும் கண்டவர் பிள்ளை பிடி என்றால் அவர்களைச் சொல்வார். 2008 ஐக் கண்டவர் இவர்களைச் சொல்வார். ஒருவருக்கு முன்னால் மற்றவர் தன் பொருளைச் சொன்னால் அங்கே பேச்சு நின்றுவிடும். பிடிபட்ட பிள்ளையின் தாய்க்கு இரண்டு பொருளும் ஒன்றுதான்.

தலையாட்டி: சுற்றிவளைப்பில் ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட வளவிலோ கோயில் வீதியிலோ கூட்டி, வரிசையாக நடத்துவார்கள். ஒரு வாகனத்துக்குள்ளோ கதிரையிலோ முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன் இருப்பான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் பிடிபடுவான். இந்தியப் படைக் காலத்திலும் இலங்கை இராணுவக் காலத்திலும் இது நடந்தது. கொலுப் பொம்மையின் பெயர் எங்கள் ஊரில் மிகவும் வெறுக்கப்பட்ட பெயராகியது இப்படித்தான்.

எனக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது அப்படியொரு வரிசையில் நடந்திருக்கிறேன். எனக்கு முன்னால் போன இருவருக்குத் தலை ஆடியது. என்முறை வந்தபோது நான் அவன் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை, காலைப் பார்த்தேன். இடது பெருவிரலில் நகம் இல்லை. ரியூசன் கொட்டிலில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருந்தவனின் கால் அது. சில கிழமைகளுக்கு முன்னர் காணாமல் போனவன். மற்றக் காலின் கணுவுக்கு மேல் காயம் புழுத்திருந்தது. எனக்குத் தலை ஆடவில்லை.

பிறகு அவனை விட்டார்கள். விட்ட சில நாட்களில் மின்கம்பமொன்றின் அடியில் சுடப்பட்டுக் கிடந்தான். கழுத்தில் மட்டை தொங்கியது. யார் சுட்டது என்பது ஊருக்குத் தெரியும். மட்டையில் எழுதியிருந்த சொல்லும் தெரியும். அந்தக் குடும்பம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டது. பிடிபட்ட இருவரின் வீட்டாருக்குத் தலையாட்டி என்ற சொல்லுக்கு ஒரு பொருள் இருக்கிறது. அது நியாயமானது. எனக்கு இன்னொரு பொருள் இருக்கிறது. ஆடாத தலை அது. அதை நான் இத்தனை வருடமும் யாருக்கும் சொன்னதில்லை.

மேலிருந்து வந்த சொற்கள்

மேலே சொன்னவை சனம் வைத்த பெயர்கள். அதிகாரம் வைத்த பெயர்கள் வேறு. அவற்றின் வேலை பெரும்பாலும் நடந்ததை மறைப்பது. சனம் அவற்றைத் திருப்பிப் போட்டது.

விடுவிக்கப்பட்ட பகுதி: அரசு கைப்பற்றிய இடத்துக்கு அரசு வைத்த பெயர். புலிகளின் வானொலியில் அதே இடம் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி. சனம் இரண்டையும் விட்டுவிட்டு “இங்கால”, “அங்கால” என்றது. “அக்கா அங்கால நிக்கிறா” என்றால் யாரும் எந்தப் பக்கம் என்று கேட்கமாட்டார்கள்.

பாதுகாப்பு வலயம்: 1990 முதல் வலிகாமம் வடக்கில் சனம் துரத்தப்பட்ட நிலத்தின் பெயர் உயர் பாதுகாப்பு வலயம். யாருக்குப் பாதுகாப்பு என்று அந்தப் பெயர் சொல்லவில்லை. 2009 ஜனவரியில் வன்னியில் அரசு அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் சனம் நம்பிப் போனது. அதற்குள்ளும் எறிகணைகள் விழுந்ததை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அங்கிருந்து தப்பிய ஒருவர் வாயில் “பாதுகாப்பு” என்ற சொல் வரும்போது கவனித்துப் பாருங்கள். குரலில் ஒரு கசப்பு தானாக வந்துவிடும்.

நலன்புரி நிலையம்: போர் முடிந்ததும் ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்களை முட்கம்பிக்குள் வைத்த இடத்துக்கு அரசு சொன்ன பெயர். செட்டிகுளம் மெனிக்பாம் முகாமின் வலயங்களுக்குக் கதிர்காமர், ஆனந்தகுமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயர்களும் வைத்தார்கள். சனம் சோன் என்றது. இன்றும் வன்னியில் இருவர் சந்தித்தால், “நீங்கள் எந்த சோன்?” என்று கேட்பார்கள். அது ஊர் விசாரிப்பது போல ஒரு கேள்வி. இலக்கத்தைச் சொன்னால் எப்போது வந்தார், எதைக் கடந்து வந்தார் என்று மற்றவருக்கு ஓரளவு விளங்கிவிடும். கடைசி ஆட்கள் 2012 செப்டெம்பரில்தான் வெளியேறினார்கள்.

புனர்வாழ்வு: பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் போராளிகள் அடைக்கப்பட்ட காலத்துக்கு அரசாங்கச் சொல். போனவர்கள் “தடுப்பு” என்றார்கள். “தடுப்பால வந்தவர்” என்பதே ஊர் வழக்கு. விண்ணப்பப் படிவத்தில் புனர்வாழ்வு பெற்றவர் என்று எழுதுபவரும் வீட்டுக்கு வந்து தடுப்பு என்றுதான் சொல்வார்.

மொழி மாறி வந்தவை

கொட்டியா: சிங்களத்தில் புலி. தமிழ்க் காதுக்கு “கொட்டினாயா?” என்று கேட்பது போலிருக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள், உண்மையோ கட்டியதோ. சுற்றிவளைப்பில் ஒரு ஆச்சியின் முற்றத்தில் அரிசி சிந்திக் கிடந்ததாம். சிப்பாய் ஒருவன் உள்ளே காட்டி, “கொட்டியா?” என்று அதட்டினானாம். ஆச்சி, “ஓம் ராசா, நான்தான் கொட்டினனான், கூட்டி அள்ளுறன்” என்றாராம். இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்போம். சிரித்து முடிய ஒருவர், “அண்டைக்கு ஆரும் ஆச்சியின்ர பேரனைக் கொண்டு போகேல்லையோ?” என்று கேட்பார். அதற்குக் கதையில் பதில் இல்லை.

வெள்ளை வான்: ஆட்களைக் கடத்தும் இலக்கத்தகடு இல்லாத வாகனம். தெற்கிலும் 1980களின் இறுதியில் ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இல்லாமல் ஆக்கப்பட்டார்கள். ஆகவே இந்தப் பயம் சிங்களத் தாய்மாருக்கும் அந்நியமானதில்லை. இரு மொழியிலும் ஒரே பொருள் கொண்ட சில சொற்களில் இது ஒன்று.

கிறீஸ் பூதம்: 2011 ஓகஸ்டில் நாடெங்கும் பரவிய சொல். சிங்கள ஊர்களில் உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு திருட வரும் ஆளைப் பற்றிய பழைய கதை அதன் வேர். வடக்கிலும் கிழக்கிலும் அதற்குப் பொருள் மாறியது. இரவில் பெண்களைப் பயமுறுத்திவிட்டு முகாம் பக்கம் ஓடி மறைபவன் என்றே சனம் நம்பியது. நாவாந்துறையில் அந்த நம்பிக்கை இராணுவத்தோடு மோதலாகி, நள்ளிரவில் ஆண்கள் பெருந்தொகையாகக் கைதாகி அடிபட்டார்கள். தெற்கில் வதந்தி என்று சிரித்து முடித்த சொல் இங்கே எலும்பு முறிவில் முடிந்தது.

ஓர் எழுத்தில் தொங்கும் நீதி

கடைசிச் சொல்லை அகராதிக்காரர் தீர்க்க முடியாது. “காணாமல் போனோர்” என்பது எல்லோரும் நெடுங்காலம் சொன்னது. ஆடு காணாமல் போகும், சாவி காணாமல் போகும். போனதற்கு யாரும் பொறுப்பில்லை. தாய்மார் அதை மாற்றினார்கள். “எங்கட பிள்ளையள் காணாமல் போகேல்லை, காணாமல் ஆக்கப்பட்டவை” என்றார்கள். ஒரு வினையை மாற்றியதும் வாக்கியத்துக்குள் செய்தவன் ஒருவன் வந்து நின்றான். ஆர்ஜென்ரீனாவில் 1976 க்குப் பின் இராணுவ ஆட்சி கொண்டுபோனவர்களைத் தெசப்பரெசீதோஸ் என்று அந்நாட்டு அன்னையர் அழைத்தபோதும் அந்தச் சொல்லுக்கு இதே பாரம் ஏறியது.

2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் இன்னும் “காணாமற்போன” என்றுதான் இருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் கொட்டகை போட்டுக் குந்திய தாய்மாரின் பதாகைகளில் “வலிந்து காணாமல் ஆக்கப்பட்ட” என்று இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் இலக்கணத் தூரம் மட்டும் என்று நினைப்பவர்கள் அந்தக் கொட்டகைக்குள் ஒரு பகல் இருந்து பார்க்கலாம். காத்திருந்த தாய்மார் பலர் இறந்துவிட்டார்கள்.

எப்படி எழுதி வைப்பது

சரியான பொருள் எது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சொல் கிடைத்தால் நான்கு விடயங்களைப் பக்கத்தில் எழுதுங்கள்: யார் சொன்னார், எந்த ஊரில், எந்த ஆண்டளவில், யாரிடம் சொல்லப் பயந்தார். கடைசிக் கேள்வி முக்கியம். ஒரு சொல்லின் பொருள் பல தடவை அதை யாருக்கு முன்னால் சொல்லாமல் விட்டார்கள் என்பதில் இருக்கிறது. வீட்டில் மூத்தவர்கள் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். அக்காவின் அவ்ரோவும் இருக்கட்டும், அண்ணரின் வை-12 உம் இருக்கட்டும்.

மருமகன் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினான். திரும்பிப் போகும்போது நாற்பத்திரண்டு சொற்கள் சேர்ந்திருந்தன. தலையாட்டிக்கு நேரே முதலில் அக்கா சொன்ன பொருளை மட்டும் எழுதியிருந்தான். விமான நிலையத்துக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, ஜாம் போத்தல் விளக்கு எப்படிச் செய்வது என்று கேட்டான். செய்து காட்டினேன். அந்த வெளிச்சத்தில் கொப்பியை வாங்கி, தலையாட்டிக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில், இடது பெருவிரலில் நகம் இல்லாத காலைப் பற்றி நானே எழுதிக் கொடுத்தேன்.